பண்டாரம்னா திட்டா?

போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தன் இன்னொருத்தனை "போடா பண்டாரம்"னான். எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். அப்புறம்தான் தாத்தா ஞாபகம் வந்துச்சு. மாயவரம் பக்கம் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். 'பண்டார சந்நிதி'ன்னு சொல்லும்போதே தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிடும்.

சோழர் கல்வெட்டுகளில் 'ஸ்ரீபண்டாரம்' என்றால் கோயில் கருவூலம். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களில் பண்டார சந்நிதி என்றால் மடத்தின் தலைவர். உ.வே.சா. படிக்கப் போனபோது திருவாவடுதுறையில் அந்த இடத்தில் இருந்தவர் சுப்பிரமணிய தேசிகர். அடுத்து வரப்போகிறவர் சின்னப் பட்டம். மடத்துத் துறவிகள் தம்பிரான்கள். அவர்களில் கோயில் அறக்கட்டளையைக் கவனிப்பவர் கட்டளைத் தம்பிரான். (ஐரோப்பாவில் மடத் தலைவரை 'அபட்' என்கிறார்கள். அரமேய மொழியின் 'அப்பா'தான் அது! அங்கே அப்பா, இங்கே கஜானா.)

அதே சொல்தான் ஓடு ஏந்திய ஆண்டிக்கும், கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சமூகத்துக்கும் பெயராச்சு. ஏழைகிட்ட வந்ததும் வசவாயிடுச்சு பாருங்க.

தாத்தாவோட மரியாதையில் பயமும் கலந்திருக்கும்னு இப்பத் தோணுது. அறக்கட்டளை நிலக் குத்தகையை முறைப்படுத்தும் சட்டமே 1961-லதான் வந்துச்சு.

மறுநாள் அவன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். "அப்ப அவனை கஜானான்னுதானே சொல்லியிருக்கேன்" என்றான் :-)