எம். கே. மணி: டயாலிசிஸுக்கு முன்பே தொடங்கிய மருத்துவம்

இந்தியாவில் சிறுநீரக மருத்துவம் தனித் துறையாக வேரூன்றிய காலத்து முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் எம். கே. மணி. மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையிலும் பின்னர் சென்னை அப்போலோ மருத்துவமனையிலும் சிறுநீரகப் பிரிவில் பணியாற்றினார். 1991-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். டயாலிசிஸ் நிபுணராக அறியப்பட்டவர் என்றாலும், அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் உலகம் அதிகம் கவனித்தது வேறொன்றை: நோயாளி டயாலிசிஸ் வரை போகாமல் தடுப்பது எப்படி என்று அவர் கிராமத்தில் செய்து காட்டிய வேலையை.

நெருக்கடி நிலையின்போது சிறை வைக்கப்பட்ட அரசியல் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.), 1975 நவம்பரில் சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் விடுவிக்கப்பட்டு ஜஸ்லோக்கில் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர் மணி. 1979 அக்டோபர் 8-ஆம் தேதி இறக்கும்வரை ஜே.பி. டயாலிசிஸில்தான் வாழ்ந்தார். அவருக்கான இயந்திரத்துக்குப் பொதுமக்கள் நன்கொடை திரட்டினார்கள். டயாலிசிஸ் என்ற சொல் அப்போது செய்தித்தாள் வழியாகச் சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஒரு நாடே அறிந்த தலைவருக்குப் பணம் சேர்ந்தது. பெயர் தெரியாத கூலித் தொழிலாளிக்கு யார் சேர்ப்பார்கள் என்பதே மணியின் பிற்கால எழுத்து முழுவதிலும் ஓடும் கவலை.

டயாலிசிஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பங்கை மட்டும் இயந்திரம் செய்கிறது. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள் ஏற்றப்படும். ஒன்றின் வழியே வெளியேறும் ரத்தம் மெல்லிய இழைகளாலான வடிகட்டிக்குள் ஓடிச் சுத்தமாகி, மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்பும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. பணமோ வசதியோ இல்லாதவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதியிலோ, கிரிவலப் பாதைக்கு அப்பால் உள்ள கிராமங்களிலோ இருக்கும் ஒரு விவசாயக் கூலிக்கு இதன் பொருள் வாரத்தில் மூன்று நாள் வருமானம் போய்விடும் என்பது. கூடவரும் ஆளின் கூலியும் போகும். திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2013-இல்தான். அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றால் வேலூர், இல்லையேல் சென்னை. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக வேரூன்றியதும் 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். ஆனால் மருத்துவம் பக்கத்து ஊரில் இருந்தும் எட்டாத விலையில் இருந்தது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மணி, ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட மக்கள் தொகையைத் தேர்ந்தெடுத்தார். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில கேள்விகள் கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. சோதனைக் குழாயில் சிறுநீர் எடுத்து, சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டால், புரதம் இருக்கும் பட்சத்தில் தெளிவாக இருந்தது பால் கலந்ததுபோல் கலங்கும். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். அதன் நீலநிறம், சில சொட்டுச் சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைத்ததும் சர்க்கரையின் அளவைப் பொறுத்துப் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கக்கூடிய சோதனைகள்தான் இவை.

கண்டறியப்பட்டவர்களுக்குக் கொடுத்த மருந்துகளும் மலிவானவையே: ரத்தக் கொதிப்புக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதையசைடு, ஹைட்ராலசின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு. ரெசர்பின் நம் நாட்டு சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நகர மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட பழைய மருந்து. பழையது என்று அதை ஒதுக்காமல், வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்ததில் மணியின் துணிவு தெரிகிறது. முடிவுகள் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழின் இணைப்பு மலரில் 2003-இல் வெளிவந்தன. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குச் சர்க்கரை நன்கு கட்டுப்பட்டது. ஆன செலவு, மக்கள் தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 13 ரூபாய். 2005-இல் தொடர்ச்சிக் கட்டுரை ஒன்றும் வந்தது.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. தமிழகத்தில் கல்லடைப்பும் பரவலான தொல்லை. சிறு கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறிவிடும். பெரிய கல் சிறுநீர்ப் பாதையை நெடுநாள் அடைத்திருந்தால், வலி அடங்கிவிட்டாலும் அந்தப் பக்கச் சிறுநீரகம் மெல்ல அழியும். வெப்பத்தில் உழைப்பவர்களுக்குக் கல் வரும் அபாயம் அதிகமா என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தென்னிந்திய எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஸ்கேனில் கல்லோ வேறு சிறுநீரகக் கோளாறோ தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வெப்பம் மிகுந்த பகுதிகளில் வேலை பார்த்தவர்கள். பாறையும் வெயிலுமான திருவண்ணாமலை வட்டாரத்தில் வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கல்லுக்கு நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வாழைத்தண்டுச் சாறு. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சலேட் மிகுந்த எலிகளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்தபோது சிறுநீரில் ஆக்சலேட் குறைந்தது, கால்சியம் குறையவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையிலும் 2006-இல் எலிகளில் இதுபோன்ற நற்பலன் காணப்பட்டது. எலியில் கிடைத்த பலனை அப்படியே மனிதருக்கு உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐயமின்றிப் பலன் தருவது தண்ணீர்தான்: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது கல் உள்ளவர்களுக்கான பொது வழிகாட்டல். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதுவே ஆபத்து. அவர்கள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் உள்ள வாழைத்தண்டுச் சாற்றையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.

மணி சளைக்காமல் எழுதியவர். ‘நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா’ இதழில் சென்னையிலிருந்து எழுதும் கடிதமாக நெடுங்காலம் பத்தி எழுதினார். மருத்துவத் துறைக்குள் நடக்கும் முறைகேடுகளைத் துறைக்குள்ளிருந்தே கண்டித்தார். தன் வரலாற்றுக்கு ‘யமராஜாவின் சகோதரன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பிட்டார். ஏழைகள் சிறுநீரகம் விற்பது கண்ணெதிரே நடந்த காலத்தில், உறவினரல்லாத உயிருள்ள கொடையாளரிடமிருந்து உறுப்பு எடுப்பதற்கு எதிராக வாதிட்டார். விற்பனையைத் தடைசெய்யும் மத்திய அரசுச் சட்டம் 1994-இல்தான் வந்தது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகளும் வருகின்றன. வாசலுக்குப் போகும் மருத்துவம் சாத்தியம், அதுவும் சிறு செலவில் சாத்தியம் என்பதற்கு மணியின் கிராமங்கள் முன்பே சான்றாக நின்றன. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், கல்லடைப்பு வந்து போனவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதத்தையும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் பெருமளவு முற்றும்வரை வலியோ வேறு அறிகுறியோ காட்டாது.