திண்டுக்கல் வானில் பனிக்கட்டி

திண்டுக்கல்லையும் பனிக்கட்டியையும் ஒரே மூச்சில் சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். மலைக்கோட்டைப் பாறையில் பங்குனி வெயில் பட்டு எழும் அனலை அறிந்தவர்கள் அன்றோ நாம்! நானும் ஒருகாலத்தில் அவ்வாறு நகைத்தவனே. அந்த நகைப்புக்காக நான் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. இவ்வுரை அக்கடனின் ஒரு பகுதி.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் ஊருக்கு மேலே பறக்கும் விமானத்தின் விசிறியில் பனி உறையுமா?" என்று கேட்டான். "அதை இமயமலைக்குப் போய்க் கேள்" என்றேன். வகுப்பு சிரித்தது; அவன் அமர்ந்தான். அவ்வாண்டு சித்திரையில் ஒரு மாலை ஆலங்கட்டி மழை பெய்தது. அவன் ஒரு கட்டியை உள்ளங்கையில் ஏந்தி வந்து, என் மேசைமீது வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றான். அது உருகும் வரை நானும் பேசவில்லை.

உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்தோறும் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை குறைகிறது. மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படிவது இக்கணக்கின் முதற்படி. கோடையிலும் நம் தலைக்குமேல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் உண்டு. அங்குள்ள மேகங்களில், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கின்றன. ஒரு பொருள் அவற்றைத் தீண்டியதும் அவை பனிக்கட்டியாய் ஒட்டிக்கொள்கின்றன.

விமானத்தை இழுத்துச் செல்லும் விசிறியைப் புரொப்பெல்லர் என்பர். அதன் இதழ்கள் நுட்பமான வளைவு உடையவை. பனி படிந்தால் வளைவு கெட்டு, இழுவிசை குன்றும். அதனினும் கொடியது வேறொன்று: ஓர் இதழின் பனி உதிர்ந்து, மற்றோர் இதழின் பனி நின்றுவிட்டால் விசிறி சமநிலை இழக்கும். அந்த அதிர்ச்சி எஞ்சினைத் தாங்கும் சட்டத்தையே உடைக்க வல்லது.

நம் நாட்டு அஞ்சல் விமானங்கள் முதலில் இத்தொல்லையை அவ்வளவாக அறியவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறிய பஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். அவர்கள் பகலில், நிலத்தைக் கண்ணால் பார்த்துப் பறந்தவர்கள். அமெரிக்க அஞ்சல் விமானிகளோ குளிர்கால மேகங்களில் பனியால் உயிரிழந்தனர். ஆகவே 1928-இல் லாங்லி ஆய்வுக்கூடத்தில் குளிரூட்டிய காற்றுச் சுரங்கம் அமைத்துப் பனியை ஆராயத் தொடங்கினர்.

1930-களில் ஒரு தீர்வு வழக்கத்துக்கு வந்தது. விசிறியின் நடுக்குடத்தோடு ஒரு வளையம் சேர்ந்து சுழலும். தொட்டியிலிருந்து ஆல்கஹால் கலந்த திரவத்தை அவ்வளையத்துக்குப் பம்பு செலுத்தும். சுழற்சியின் வெளிநோக்கு விசையால் அத்திரவம் இதழ்களின் அடியிலிருந்து நுனி நோக்கி வழிந்து, பனி ஒட்டாமல் காக்கும். ஈரத்துணியைச் சுழற்றினால் நீர் தெறிப்பதைக் கண்ட எவருக்கும் இது விளங்கும்.

இக்கலை கடுஞ்சோதனைக்கு உள்ளானது நம் நாட்டு எல்லையிலேதான். 1942-இல் பர்மாச் சாலை ஜப்பானியர் வசமானதும், அசாமின் தின்ஜான், சாபுவா முதலிய நிலையங்களிலிருந்து சீனத்தின் குன்மிங்குக்கு மலைகளின் மேலாகவே சரக்குகள் சென்றன. 1945 வரையில் ஏறத்தாழ 6,50,000 டன் சென்றது. ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன. எதிரியைவிட வானிலையே மிகுதியாகப் பலிகொண்டது. அதில் பனிக்குப் பெரும்பங்கு உண்டு. பனி படிந்தால் வெப்பக்காற்றை நாடிக் கீழே இறங்குவதே விமானியின் இயல்பான வழி. அங்கே கீழே இருந்தவை மலைச்சிகரங்கள். இறங்கவும் வழியில்லை, ஏறவும் வலுவில்லை என்ற நிலையில் சிக்கிய இளைஞர்களை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

போருக்குப் பின் எஞ்சிய டக்கோட்டா விமானங்களே 1949-இல் நாகபுரியை நடுவாகக் கொண்டு இரவு அஞ்சலைச் சுமந்தன. விசிறி உதறும் பனிக்கட்டி மோதிச் சேதம் விளையாதிருக்க, டக்கோட்டாவின் பக்கத்தில் தனித்தகடு பொருத்துவதும் உண்டு.

பின்னர் மின்சார முறை வந்தது. இதழின் அடிப்பகுதியில் ஒட்டிய ரப்பர் உறைக்குள் கம்பிகள் சூடேறும்; பனியின் பிடி தளரும்; சுழற்சி அதை வீசி எறியும். எல்லா இதழ்களும் ஒரே அளவில் சூடாக வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. நம் நாட்டில் பறக்கும் பீச்கிராஃப்ட் கிங் ஏர் போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களில் இம்முறை உண்டு. பயிற்சிக் கழகங்களின் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் பெரும்பாலும் இது இல்லை. அத்தகைய விமானம் பனி படியும் மேகத்துக்குள் புகலாகாது என்பது விதி.

ஆயினும் அச்சிறு விமானத்துக்கு நம் சமவெளியிலேயே வேறொரு பனி காத்திருக்கிறது. மண்பானையில் நீர் ஆவியாகிக் குளிர்வதுபோல, கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் 20 பாகைக்கு மேலும் இறங்கலாம். ஈரக்காற்று வீசும் நாளில், வெளியே 25 பாகை வெப்பம் இருக்கும்போதே உள்ளே பனி அடைத்து எஞ்சின் நின்றுவிடக் கூடும். எஞ்சினின் சூட்டில் வெதும்பிய காற்றை உள்ளே விடுவதற்கு விமானியின் கையருகே ஒரு பிடி உண்டு. அதை உரிய காலத்தில் இழுப்பதில் உயிர் இருக்கிறது.

இதனை எனக்கு விளக்கியவர், இன்று விமானப் பயிற்சியாளராய் இருக்கும் அதே மாணவர்தாம். "ஐயா, அன்று நீங்கள் சொன்ன விடை ஒரு விமானிக்கு ஆபத்து" என்றார், பணிவு மாறாமல். அதன் பின்னர் நான் பணியாற்றிய ஆண்டுகளில், அறியாத வினா எழுந்தபோதெல்லாம், "தெரியாது தம்பி, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறுவதற்கு நான் நாணியதில்லை.