குதிரைகள் நின்ற முற்றம் – 4

1676 மே மாதத் தீயில் லண்டனின் சதர்க் பகுதி வெந்துபோனதையும், ஜார்ஜ் சத்திரமும் அதில் கரிக்கட்டையானதையும் போன வாரம் பார்த்தோம். மறு ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள். நடுவில் முற்றம், மூன்று பக்கமும் மாடி, மாடி நெடுக மரத் தாழ்வாரம்.

ஏன் இத்தனை அவசரம்? இடம் அப்படி. 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, நகரத்துக்குள் தேம்ஸைத் தாண்ட லண்டன் பாலத்தை விட்டால் வேறு பாலம் இல்லை. அதன்மேலும் வீடும் கடையும் கட்டிவைத்திருந்தார்கள். அந்த நெரிசலில் நாலு குதிரை கோச்சை ஓட்டுவதா? தெற்கேயிருந்து வந்த வண்டிகள் பாலத்துக்கு இப்புறம், சதர்க்கிலேயே நின்றுவிட்டன. சத்திரக்காரர்கள் காட்டில் மழை.

இன்று அங்கே போனால் முன்னறையில் நின்று பீர் குடிக்கலாம். கோச்சுக்குப் பயணிகள் காத்திருந்த அறை அதுதான். சுவரில் ஒரு பெரிய கடிகாரம். 'பார்லிமென்ட் கடிகாரம்' என்பார்கள். 1797-இல் பிரதமர் பிட், கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங், தங்கப் பைக்கடிகாரத்துக்கு 10 ஷில்லிங் என்று வரி போட்டார். ஜனங்கள் தங்கள் கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுச் சத்திரத்துச் சுவரில் மணி பார்த்தார்கள் என்பது வழக்கமான கதை. இந்த ரகக் கடிகாரம் வரிக்கு முன்பே உண்டு. பேர்தான் பிறகு ஒட்டிக்கொண்டது. வரி மறு ஆண்டே ரத்து. நேரத்துக்கு வரி போட்டால் எவன் பொறுப்பான்!

வரி போயிற்று. வினை வேறு ரூபத்தில் வந்தது. 1836 டிசம்பரில், சத்திரத்திலிருந்து சில நிமிட நடையில் லண்டன் பாலம் ரயில் நிலையம் திறந்தது. கோச்சில் எலும்பு நோகப் போனவர்கள் ரயிலேறினார்கள். லாயங்கள் காலி.

அக்கம்பக்கத்தில் சாவு விழத் தொடங்கியது. ஒரு பக்கம், சாசரின் கேன்டர்பரி யாத்திரிகர்கள் கிளம்பிய டாபர்ட் சத்திரம். அதை 1873-இல் இடித்தார்கள். மறுபக்கம், டிக்கன்ஸின் சாம் வெல்லர் பூட்ஸ் துடைத்துக்கொண்டே அறிமுகமாகும் ஒயிட் ஹார்ட். அது 1889-இல் போயிற்று.

இரண்டுக்கும் நடுவில் ஜார்ஜ். அது யார் கையில் இருந்தது தெரியுமா? கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனியின் கையில்! குதிரை வண்டிகளை ஒழித்த ரயில்காரர்களுக்கே சரக்குக் கிடங்காகிவிட்டது குதிரைச் சத்திரம். மரத் தாழ்வாரத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? 1889-இல் அங்கேயும் ஆள் இறங்கியது. ஒரு பக்கம் சரிந்தது. இன்னொரு பக்கமும் சரிந்தது.

மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். அதற்கும் சொந்தக்காரர் அதே கம்பெனிதான். ஆனால் 1937-இல், அந்தக் கம்பெனியின் வாரிசு அதே கட்டடத்தை, இடிக்கவே கூடாது என்று கங்கணம் கட்டிய ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தது. நடுவில் நாற்பத்தெட்டு வருஷம். அத்தனை காலம் அந்தத் தெற்குப் பக்கத்தில் விளக்கேற்றி வைத்திருந்தது யார்?

(அடுத்த வாரம்)