9-க்கு அப்புறம் 10 வந்தா என்ன ஆகும்? வெர்ஷன் நம்பர்களின் கதை

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். 1.9 பெருசா, 1.10 பெருசா?

கணக்கு டீச்சர்கிட்ட கேட்டா 1.9-ன்னு சொல்வாங்க. சாஃப்ட்வேர் எழுதுறவங்ககிட்ட கேட்டா 1.10. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஏன்னா, வெர்ஷன் நம்பர்ல வர்ற புள்ளி தசமப் புள்ளி கிடையாது. கிரிக்கெட்ல 19.3 ஓவர்னா, 19 ஓவரும் 3 பந்தும். அந்த 3, பத்துல மூணு பங்கு இல்ல. வெர்ஷனும் அப்படித்தான்: புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் வேற ஒரு எண்.

கேட்க சாதாரணமா இருக்குல்ல? ஆனா இந்த எண்களைத் தப்பாப் படிச்ச சில வரி கோடால, பெரிய நிறுவனங்களே தங்களோட வெர்ஷனை மறைச்சுச் சொல்ல வேண்டி வந்துச்சு.

2008 டிசம்பர். ஓபரா பிரவுசரோட 10-ஆவது வெர்ஷன் சோதனைக்காக வெளிவருது. ஒரு பிரவுசர் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும், "நான் இன்னார், என் வெர்ஷன் இது"ன்னு ஒரு வரி அனுப்பும். அப்போ புழக்கத்துல இருந்த பெரிய பிரவுசர்கள் எல்லாமே ஒற்றை இலக்கம். அதனால பல வெப்சைட்கள் முதல் இலக்கத்தை மட்டும் படிச்சுப் பழகியிருந்துச்சு. 10-ன்னு வந்ததும் அதை 1-ன்னு எடுத்துக்கிச்சு. புத்தம் புது பிரவுசரைப் பார்த்து, "ரொம்பப் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு வாசல்லயே நிறுத்திடுச்சு!

உலகத்துல இருக்கிற வெப்சைட்டை எல்லாம் ஓபரா திருத்த முடியுமா? 2009 செப்டம்பர்ல ஓபரா 10 முழுசா வெளிவந்தப்போ, அது தன்னை 9.80-ன்னுதான் அறிமுகப்படுத்திக்கிச்சு. உண்மையான 10, அந்த வரியோட கடைசியில ஒதுங்கி நின்னுச்சு.

அதே காலத்துல மைக்ரோசாஃப்டுக்கு வேற மாதிரி சிக்கல். விண்டோஸ் எக்ஸ்பியோட உள் நம்பர் 5.1. "5.1 அல்லது அதுக்கு மேல இருந்தாதான் ஓடுவேன்"ங்கிற நிபந்தனையைச் சிலர் இப்படி எழுதினாங்க: முதல் எண் 5-க்குக் குறையக் கூடாது, ரெண்டாவது எண் 1-க்குக் குறையக் கூடாது. படிக்கும்போது சரியாத்தான் தெரியும். அடுத்து வந்த விஸ்டாவோட நம்பர் 6.0. 6 ஓகே. ஆனா 0, 1-ஐ விடக் குறைவாச்சே! புரோகிராம் ஓட மறுத்துடுச்சு. முதல் எண்ணே பெருசா இருந்தா, ரெண்டாவதைப் பார்க்கவே கூடாது. அந்த ஒரு விஷயம்தான் விட்டுப்போச்சு.

2009-ல விண்டோஸ் 7 வந்துச்சு. பேர்லதான் 7, உள்ளுக்குள்ள 6.1. பழைய புரோகிராம்கள் நின்னுடக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. இன்னைக்கு விண்டோஸ் 11-ஐத் திறந்து பார்த்தாலும், உள்ளே 10.0-ன்னுதான் இருக்கும்.

சரி, அதெல்லாம் பழைய கதைன்னு நினைக்கிறீங்களா? 2021 அக்டோபர்ல பைத்தான் 3.10 வெளியாச்சு. யாமல் ஃபைல்ல மேற்கோள் குறி போடாம 3.10-ன்னு எழுதினா, அது தசம எண்ணாகி, கடைசி சைபர் காணாமப் போய், 3.1 ஆகிடும். அது 2009-ல வந்த பைத்தான்!

2022-ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் 100-ஐத் தொட்டுச்சு. இந்த முறை முன்கூட்டியே உஷாரா இருந்தாங்க. 2021-லயே 100-ன்னு வேஷம் போட்டு வெப்சைட்களைச் சோதிச்சாங்க. ரெண்டு இலக்கம் மட்டும் படிக்கிற கோடு அப்பவும் சில இடத்துல இருந்துச்சு. நிலைமை மோசமானா வெளியில 99-லயே நின்னுடலாம்னு ஒரு மாற்றுத் திட்டமும் வெச்சிருந்தாங்க. நல்லவேளை, அது தேவைப்படல.

கிட்ஹப் நிறுவனர்கள்ல ஒருத்தரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதின செமான்டிக் வெர்ஷனிங் விதிகள் இதைத் தெளிவாவே சொல்லுது: இடமிருந்து வலமா, ஒவ்வொரு எண்ணையும் எண்ணாவே ஒப்பிடணும். அப்போ 1.9.0-க்கு அடுத்து 1.10.0. பைத்தான்ல பேக்கேஜிங், நோடுல செம்வர்னு இதுக்குன்னே லைப்ரரிகளும் இருக்கு.

அதனால, "இந்த வெர்ஷனுக்கு மேல இருக்கா?"ன்னு அடுத்த தடவை கோடுல கேட்கும்போது நீங்களே அதை வெட்டிப் படிக்காதீங்க. அந்த லைப்ரரிகிட்ட விட்டுடுங்க. நீங்க இன்னைக்கு எழுதுற ஒரு வரி, பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தரை வாசல்ல நிறுத்தலாம். அப்போ அதைத் திருத்த நீங்க அந்த வேலையில இருப்பீங்களான்னு தெரியாது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!