கடலடி வாயுவும் கண்காணாக் கசிவும்



புத்தளம் என்னும் பெயருக்குப் ‘புதிய அளம்’ என்று பொருள் கூறுவோர் உளர். அளம் என்பது உப்பு விளையும் நிலம். உப்பும் மீனும் முத்தும் இலங்கையின் வடமேற்குக் கடல் பன்னெடுங்காலமாக வழங்கிவந்த செல்வங்களாகும். சிலாபத்திலும் மன்னாரிலும் இருந்த முத்துப் பார்களின் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது. அதே கடலின் அடியில் நான்காவது செல்வமொன்று கிடப்பது இந்த நூற்றாண்டில் வெளிப்பட்டது. அதுவே இயற்கை எரிவாயு. அதைத் தேடிய வரலாற்றையும், அது வெளிவருமுன் நாம் சிந்திக்கவேண்டிய ஒன்றையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இத்தேடல் புதியதன்று. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், 1970களில் சோவியத் வல்லுநரின் துணையுடன் மன்னார்த் தீவின் பேசாலையிலே நிலத்தைத் துளைத்துப் பார்த்தது. 1981இல் மன்னார் வளைகுடாவிலே ‘பேர்ள்’, அதாவது முத்து, என்று பெயரிட்ட கிணறொன்று தோண்டப்பட்டது. பெயரில் இருந்த முத்து கிணற்றில் அகப்படவில்லை.

2008இல் இந்தியாவின் கெயர்ன் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு மன்னார்ப் படுகையின் ஒரு பகுதி வழங்கப்பட்டது. ஆழ்கடலைத் துளைக்கும் ‘சிக்கியூ’ என்னும் யப்பானியக் கப்பல் வந்தது. 2011 ஒக்டோபரில், ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள கடலிலே, ‘டொராடோ’ என்னும் கிணற்றில் வாயு இருப்பது அறியப்பட்டது. அடுத்த மாதமே ‘பராகுடா’ என்னும் கிணற்றிலும் வாயு தென்பட்டது. ஆனால் 2015இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. வாயுவோ இன்றுவரை எடுக்கப்படாமல் கடலடியிலேயே கிடக்கின்றது.

அதே 2011ஆம் ஆண்டிலேதான், புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் நிலக்கரி அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து இன்று அதன் ஆற்றல் 900 மெகாவாற்று. கரையிலே நிலக்கரி எரிகின்றது. கடலுக்கு அடியிலே வாயு உறங்குகின்றது. கரியைவிட வாயு தூயதன்றோ, அதை எடுத்தால் என்ன என்று கேட்பது இயல்பே. எரிக்கும்பொழுது வாயு கரியைவிடக் குறைவாகவே காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது என்பதும் உண்மையே. ஆயினும் எரியாமல் நழுவிவிடும் வாயுவின் கதை வேறு.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன். 1776இல் இத்தாலிய அறிஞர் வோல்டா, மஜோரே ஏரியின் சேற்றிலிருந்து குமிழியிட்ட வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். நம் முன்னோர் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சிய சதுப்பு நில ஒளிக்கும் இவ்வாயுவே காரணமென்று விளக்குவோர் உண்டு. மெதேன் வானில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்கும். ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்குக்கு மேல் பூமியை வெப்பமாக்க வல்லது. எடுத்த வாயுவில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு கசிந்தாலே, கரியை விட்டு வாயுவுக்கு மாறியதால் உடனடியாகக் கிடைக்கும் நன்மை போய்விடும் என்று அறிஞர் கணித்துள்ளனர். 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, அங்கு நூற்றுக்கு 2.3 பங்கு கசிகின்றது என்றும், இது அரசாங்கக் கணக்கைவிட 60 வீதம் அதிகம் என்றும் கண்டது.

உப்புச் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். வாயு சிந்தினால் தெரியாது. இயல்பில் அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வால்வுகளின் இடுக்கிலும், வாயுவை அமுக்கி அனுப்பும் இயந்திரங்களின் அடைப்புகளிலும் அது கசியும். வாயுவின் அமுக்கத்தாலேயே இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒவ்வோர் அசைவிலும் சிறிது வெளிவிடும். குழாயைத் திருத்துமுன் உள்ளிருக்கும் வாயுவை அப்படியே வானில் திறந்துவிடும் வழக்கமும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் பரிகாரமும் உண்டு. அக்கருவிகளை அமுக்கிய காற்றாலோ மின்னாலோ இயக்கலாம். திருத்தவேண்டிய குழாயின் வாயுவை அடுத்த குழாய்க்கு மாற்றலாம். கண் காணாத கசிவை அகச்சிவப்புக் கமராவால் காணலாம். பெருங்கசிவைச் செய்மதிகளும் கண்டுகொள்கின்றன. காப்பாற்றிய வாயுவை விற்கலாமாதலால், இச்செலவின் பெரும்பங்கு பல இடங்களில் திரும்பிவிடுகின்றது.

அலட்சியம் என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவே சான்று. அங்கே அலிசோ கன்யன் என்னும் சேமிப்பிடத்தில், 1953இல் தோண்டிய கிணறொன்றின் இரும்புக் குழாய் அரிக்கப்பட்டு உடைந்தது. 2015 ஒக்டோபர் முதல் 2016 பெப்ரவரி வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் மெதேன் வானிற் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. மாறாக, நோர்வே தன் கடலில் எண்ணெய் உற்பத்தி தொடங்கிய 1971ஆம் ஆண்டிலேயே, தேவையின்றி வாயுவை எரித்துத் தள்ளுவதைத் தடைசெய்தது. தொழில் பிறக்கும்போதே விதியும் பிறந்தது.

இது தொலைவிலுள்ள நாடுகளின் கவலை மட்டுமன்று. கற்பிட்டி கடலுக்குள் நீண்ட தாழ்ந்த மணல் நிலம். உப்பு வாய்க்கால்களோ வெயிலை நம்பி நிற்பவை. காலந்தவறிய மழையால் விளைச்சல் குன்றியமையால், 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு வரவழைக்க நேர்ந்தது. அந்த ஒரு மழைக்கு மெதேனே காரணம் என்று கூற இயலாது. ஆனால் வெப்பம் ஏற ஏறக் கடல்மட்டமும் மழையின் போக்கும் மாறும் என்பதில் ஐயமில்லை.

மன்னார்ப் படுகையின் வாயு எடுக்கப்படுமா, எடுக்கத்தான் வேண்டுமா என்பதை நாடு தீர்மானிக்கும். எடுப்பதாயின், எவ்வளவு வாயு கிடைக்கும் என்ற கேள்வியுடன் எவ்வளவு கசியும், அதை யார் அளப்பார், அளந்த கணக்கை யார் பார்ப்பார் என்ற கேள்விகளும் உடன்படிக்கையிலேயே எழுதப்படவேண்டும். குழாய் பதித்தபின் விதியைத் தேடுவது கடினம். இன்னும் ஒரு குழாயும் பதியாத கரை நமது கரை. நமக்கு வாய்த்துள்ள நல்ல தருணம் இதுவே.