ஒரு படம் 4,000 டாலர்: லேண்ட்சாட் செயற்கைக்கோளின் கதை

உயரத்தில் இருந்து பூமியைப் படம் பிடிக்கும் ஆசை விமானத்தை விடப் பழையது. 1858-ல் நடார் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் பாரிஸுக்கு அருகே பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. 1860-ல் பலூனில் இருந்து எடுக்கப்பட்ட பாஸ்டன் நகரப் படம்தான் இன்று கிடைப்பவற்றில் பழையது. பிறகு விமானம் வந்தது, இரண்டு உலகப் போர்கள் வந்தன, வான்படம் ராணுவத்தின் கண்ணாக மாறியது. தொட்டுப் பார்க்காமல் தூரத்தில் இருந்தே ஒரு பொருளைப் பற்றி அறியும் இந்தக் கலைக்குத் 'தொலையுணர்வு' என்று 1960 வாக்கில் பெயர் வைத்தவர், அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் இருந்த எவெலின் புரூயிட் என்ற பெண்மணி.

இதன் அடிப்படை மிகவும் எளிது. சூரிய ஒளி பூமியில் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதே அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். வாடிய பயிர் நல்ல பயிரைப் போல் ஒளியைத் திருப்பாது. இந்த வித்தியாசங்களைத் தனித்தனி அலைப்பட்டைகளில் அளந்து எண்களாக அனுப்புவதுதான் செயற்கைக்கோளின் வேலை. அந்த எண்களுக்கு நிறம் கொடுத்தால் படம். செயற்கைக்கோள் படங்களில் காடும் வயலும் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறம் கொடுக்கப்படுவதுதான்.

இப்படிப்பட்ட கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1972 உணர்த்தியது. அந்த ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் விளைச்சல் பொய்த்தது. அது வெளியே சரியாகத் தெரியும் முன்பே அந்நாடு அமெரிக்காவில் இருந்து மலிவு விலையில் பெருமளவு தானியத்தை வாங்கிவிட்டது. பிறகு விலை ஏறியபோதுதான் விற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது. வாங்குபவருக்குத் தெரிந்த செய்தி விற்பவருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே 1972 ஜூலை 23-ம் தேதிதான், பின்னாளில் லேண்ட்சாட்-1 என்று பெயர் மாற்றப்பட்ட செயற்கைக்கோளை நாசா ஏவியது. அதில் டி.வி. கேமரா போன்ற ஒரு கருவிதான் கதாநாயகன். வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த நான்கு அலைப்பட்டை வருடி, துணைக் கருவியாகத்தான் சேர்க்கப்பட்டது. ஆடும் கண்ணாடியை வைத்துத் துல்லியமாகப் படம் எடுக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். மின்கோளாறால் கேமரா சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. வருடியோ சுமார் 80 மீட்டர் நுணுக்கத்தில் அருமையான படங்களை அனுப்பியது. அந்தப் படங்களைக் கொண்டு பிற நாடுகளின் கோதுமை விளைச்சலையே மதிப்பிடும் பெரிய திட்டம் 1974-ல் தொடங்கியது. இந்தியாவும் 1979-ல் ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் நிலையம் அமைத்து லேண்ட்சாட் தகவல்களை நேரடியாகப் பெற்றது. 1988 மார்ச் 17-ல் சொந்தமாக ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளை அனுப்பியது.

இனிதான் வணிகம் நுழைகிறது. இவ்வளவு பயனுள்ள படத்தை அரசு ஏன் விற்க வேண்டும், தனியார் விற்கட்டுமே என்ற எண்ணம் வலுத்தது. 1984-ல் அமெரிக்கா அதற்குச் சட்டம் கொண்டு வந்தது. 1985-ல் இயோசாட் என்ற தனியார் நிறுவனத்திடம் பொறுப்பு போனது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. எண்ணெய் நிறுவனங்களால் வாங்க முடிந்தது, பல்கலைக்கழகங்களால் முடியவில்லை. பல ஆராய்ச்சியாளர்கள் ஒரு கிலோமீட்டர் நுணுக்கமே உள்ள வானிலைச் செயற்கைக்கோள் படங்களுக்கு மாறினார்கள். விற்பனை பெருகவில்லை. 1989-ல் பணமில்லாமல் செயற்கைக்கோள்களையே அணைத்துவிடும் நிலை வந்து, கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது.

கோளாறு எங்கே? செயற்கைக்கோளைச் செய்து ஏவுவது பெரிய நிலைச் செலவு. எடுத்த படத்தை இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க ஆகும் இறுதிநிலைச் செலவோ மிக மிகக் குறைவு. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குப் படம் குறைந்துவிடாது. இது ஏறக்குறைய தெருவிளக்கு போன்ற பொதுப்பண்டம். தெருவிளக்குக்கு டிக்கெட் போட்டால் தெருவில் நடப்பவர்கள்தான் குறைவார்கள்.

1992-ல் சட்டம் மாற்றப்பட்டு லேண்ட்சாட் திட்டம் மீண்டும் அரசிடம் வந்தது. 1999-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-7-ன் படம் 600 டாலருக்கு விற்றது. அதிகம் விற்ற ஆண்டான 2001-ல் சுமார் 25,000 படங்கள் போயின. 2008-ல் எல்லாமே இணையத்தில் இலவசம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இறக்கப்பட்டன.

2013-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு உலகம் முழுவதற்குமான காடு அழிவு வரைபடத்தை வெளியிட்டது. 2000-க்கும் 2012-க்கும் இடையே 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு அழிந்ததை அது காட்டியது. அதற்குப் பயன்பட்ட லேண்ட்சாட் படங்கள் 6,54,178. ஒரு படம் 600 டாலர் என்றால் 39 கோடி டாலர். பழைய 4,000 டாலர் என்றால் 261 கோடி டாலர். எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? விலை அப்படியே இருந்திருந்தால் இந்த வரைபடம் பிறந்தே இருக்காது.

இலவசம் ஆன பிறகும் ஒரு நஷ்டத்தை மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. தனியார் காலத்தில், வாங்க ஆள் இருந்த இடங்களே பெரும்பாலும் படம் பிடிக்கப்பட்டன. உலகின் பல பகுதிகளுக்கு அந்த ஆண்டுகளின் படங்கள் மிகக் குறைவு. அங்கே அப்போது எந்தக் காடு இருந்தது, எந்த ஏரி நிறைந்திருந்தது என்று பார்க்க வழியில்லை. நாளைய படத்தைக் காசு கொடுத்து எடுத்துக் கொள்ளலாம். 1987-ன் படத்தை எந்த விலை கொடுத்தும் இனி எடுக்க முடியாது.