வீட்டுப் பட்டறையில் பிறந்த மலைச் சைக்கிள்

மலைச் சைக்கிளின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு சரிவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மலையில், காட்டுத்தீயை அணைக்கப் போகும் வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதை ஒன்று இறங்குகிறது. 1976 அக்டோபர் 21 அன்று உள்ளூர் இளைஞர்கள் சிலர் ஓட்டை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு அதில் ஏறி, ஒருவர்பின் ஒருவராக நேரம் குறித்துக் கீழே பாய்ந்தார்கள். தூரம் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். இறக்கம் சுமார் 400 மீட்டர். அன்று வென்ற ஆலன் பாண்ட்ஸ்தான் விழாமல் வந்து சேர்ந்த ஒரே ஆள் என்பார்கள். பிந்தைய பந்தயங்களில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அதுவே அந்தச் சரிவின் சாதனை நேரமாக நின்றது. துணிச்சல், புழுதி, முழங்கைச் சிராய்ப்பு என்று இந்தக் கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் துணிந்த இளைஞர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், மலைச்சரிவுகளும் இருந்திருக்கின்றன. ஒரு புதிய வகை வண்டி அந்த இடத்தில், அந்தப் பத்தாண்டில் ஏன் உருவானது என்பதற்குத் துணிச்சல் விடை தராது. பழுதுபார்க்கும் பழக்கம்தான் விடை தருகிறது என்பதே என் வாதம். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் படைப்பாவதற்கு முன்னால், வீட்டில் வைத்து வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவர்களின் படைப்பாக இருந்தது.

முதல் சான்று அந்தச் சரிவிலேயே கிடைக்கிறது. அன்றைய வண்டிகள் பலவற்றில் இருந்தது, மிதியைப் பின்பக்கம் அழுத்தினால் பிடிக்கும் பிரேக். பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே அதன் கட்டைகள் விரிந்து, ஹப்பின் உட்சுவரை உரசி நிறுத்தும். தெருவில் பள்ளிக்கூடம் போய்வரும் பையனுக்கு அது தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கான மீட்டர் இறக்கத்தில் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், ஹப் கொதிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாக வெளியேறும். மிச்சமிருப்பது உலர்ந்த இரும்பு மட்டும். ஒரு முறை இறங்கியதும் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ் அடைத்துப் பூட்டியாக வேண்டும். இந்த வேலை தெரியாதவருக்கு அடுத்த ஓட்டத்துக்கு வண்டி கிடையாது. மறுபடி அடைப்பது என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயரே அந்தச் சரிவுக்கு நிலைத்துவிட்டது. ஆக, அந்த மலையில் ஓட்டுவதற்கான நுழைவுச்சீட்டு தைரியம் மட்டுமாக இருக்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டியிருந்தது.

அடுத்த சான்று, அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் அகலமான பலூன் டயர் பூட்டிய சைக்கிளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 26 அங்குல விட்டமும் இரண்டங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட அந்த டயர் விரைவில் நாடு முழுக்கப் பொது அளவாகிவிட்டது. செய்தித்தாள் போடும் சிறுவர்களுக்கென்று தயாரான அந்தக் கனத்த வண்டிகள் 1970களில் பழைய சாமான் கடைகளிலும் கொட்டகை மூலைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றில் ஷ்வின் எக்ஸெல்சியர் ஃபிரேமுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. அதன் முன்பக்கச் சாய்வு சரிவில் வண்டியைத் தடுமாறவிடாமல் வைத்திருந்தது. மட்கார்டு, கேரியர், அலங்காரத் தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஃபிரேமும் சக்கரமுமாக ஓட்டினார்கள். இதில் கவனிக்கவேண்டியது அவற்றின் மலிவைக் காட்டிலும் பொருத்தத்தை. ஒரு வண்டியின் சக்கரம் இன்னொன்றில் பூட்டிக்கொள்ளும். உடைந்தால் அதே அளவில் வேறொன்று கிடைக்கும். ஒரு தொழிற்சாலை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் பரப்பிய பொது அளவுதான், பின்னாளில் முகம் தெரியாத இளைஞர்களின் சோதனைக்கு முதலீடாயிற்று.

பலூன் டயர் வண்டியில் கியர் கிடையாது. மலையேற அதை லாரியில் ஏற்றவேண்டும் அல்லது தள்ளவேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கும் வழியும் பட்டறையிலிருந்தே வந்தது. 1974 டிசம்பரில் மரினின் மில் வேலியில் நடந்த சைக்ளோகிராஸ் போட்டிக்கு, தெற்கே கூப்பர்டினோவிலிருந்து மோரோ டர்ட் கிளப் என்ற குழு வந்தது. அவர்களுடைய பலூன் டயர் வண்டிகளில், பந்தய சைக்கிளில் இருக்கும், சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டெரெய்லியர் கியர்கள் பூட்டப்பட்டிருந்தன. மரின்காரர்கள் அதைப் பார்த்தார்கள். சற்று முன்பின்னாகக் கேரி ஃபிஷரின் வண்டியிலும் கியர், இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளுக்குரிய டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளின் நீண்ட பிரேக் பிடி, கட்டைவிரலால் தள்ளும் கியர் மாற்றி எல்லாம் ஏறிவிட்டன. இவற்றில் ஒன்றுகூட மலைக்கென்று செய்யப்பட்டதில்லை. வெவ்வேறு தொழில்களின் உதிரிகளை அளந்து, அராவி, ஒரே ஃபிரேமில் உட்காரவைத்ததுதான் கண்டுபிடிப்பு. இதற்கான சூழலும் கனிந்திருந்தது. 1973இல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன; ஐரோப்பிய உதிரிகள் ஊர்க்கடைகளுக்கு வந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, மரினிலிருந்து வளைகுடாவின் எதிர்க்கரையில் உள்ள பெர்க்லியில் டாம் கத்பர்ட்சன் எழுதிய ‘எனிபடிஸ் பைக் புக்’ வெளிவந்திருந்தது. யாரும் தன் சைக்கிளைத் தானே சரிசெய்துகொள்ளலாம் என்று எளிய மொழியில் சொன்ன கையேடு அது. அதை வெளியிடுவதற்காகவே எழுந்த பதிப்பகம், டென் ஸ்பீட் பிரஸ் என்று பத்து கியர் சைக்கிளின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. வீட்டு மெக்கானிக் என்பவர் அப்போது அந்த வட்டாரத்தில் வாசகர் கூட்டமாகவே உருவாகியிருந்தார்.

அப்படியானால் பந்தயத்துக்கு என்ன பங்கு? அது சோதனைக்கூடம். சார்லி கெல்லி நடத்திய அந்தப் பந்தயங்களில் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டாது. எந்த உதிரி தாங்கியது, எது வளைந்தது என்பது கீழே வந்து சேர்ந்ததும் தெரிந்துவிடும். பழைய ஃபிரேம்கள் விரிசல் விடத் தொடங்கியபோது, அடுத்த படி தானாகவே தெளிவானது. 1976இல் கிரெய்க் மிட்செல், கெல்லிக்காகக் குரோமோலி எஃகுக் குழாயில் ஒரு ஃபிரேம் செய்து பார்த்தார். பந்தய சைக்கிள் ஃபிரேம் கட்டத் தெரிந்த ஜோ பிரீஸ் 1977இல் தன் முதல் ‘பிரீஸர்’ வண்டியை முடித்தார். பழைய ஃபிரேம் எதையும் சாராமல், முழுக்கப் புது உதிரிகளோடு இந்த வேலைக்கென்றே பிறந்த வண்டி அது. பதின்ம வயதிலேயே பெற்றோர் வீட்டில் ஃபிரேம் பற்றவைக்கத் தொடங்கிய டாம் ரிச்சி, 1979இல் இதே வகையில் இறங்கினார். அவர் செய்த ஃபிரேம்களுக்கு உதிரி பூட்டி விற்க ஃபிஷரும் கெல்லியும் அதே ஆண்டில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். உடைந்ததைச் சரிசெய்வது, உடையாதபடி மாற்றுவது, மாற்றியதைப் புதிதாகவே செய்வது என்று ஒவ்வொரு படியும் முந்தைய பழுதுக்குப் பதிலாகவே வந்தது.

மரினுக்கு முன்னால் யாருமே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். 1897இல் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், 25ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரைச் சைக்கிளில் கடந்தார்கள். ராக்கி மலைப்பாதையும் சேறும் மணலும் வழியில் இருந்தன. 1950களின் முற்பாதியில் பாரிஸ் புறநகர் இளைஞர்கள் சைக்கிள்களைத் திருத்தியமைத்து மண்மேடுகளில் போட்டி வைத்தார்கள். 1953இல் ஜான் ஃபின்லே ஸ்காட் ஷ்வின் ஃபிரேமில் பருத்த டயரும் கியரும் பூட்டிக் காட்டுக்குள் ஓட்டினார். 1955இல் இங்கிலாந்தில் மலைப்பாதை சைக்கிளோட்டிகளுக்கென்று ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ தொடங்கியது. மரின்தான் முதல் என்ற பெருமையை இந்தச் சான்றுகள் குலைத்துவிடுகின்றன. ஆனால் என் வாதத்தை இன்னும் உறுதியாக்குகின்றன. கருவியும் உதிரியும் கைக்கு எட்டிய இடங்களில் எல்லாம் இதே யோசனை தனித்தனியாக முளைத்திருக்கிறது. மற்ற இடங்களில் அது ஒரு ஆளோடு அல்லது ஒரு குழுவோடு நின்றுபோனது. மரினில் மட்டும் பொது அளவிலான பழைய வண்டிகள், சைக்கிள் அலை கொண்டுவந்த புதிய உதிரிகள், திரும்பத் திரும்ப ஒரே சரிவில் சோதிக்கும் பந்தயம் மூன்றும் ஒரே சமயத்தில் கூடிவந்தன.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. சில நூறு பேரின் பொழுதுபோக்கு உலகத்துக்கே போய்ச் சேர்ந்தது தொழிற்சாலையால்தானே என்பார்கள். உண்மை. ஃபிஷரும் கெல்லியும் விற்ற வண்டி ஏறக்குறைய 1,300 டாலர். சாதாரணக் குடும்பம் தொட முடியாத விலை. 1981இல் மைக் சின்யார்டின் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் சுமார் 750 டாலருக்கு வந்தபோதுதான் சந்தை திறந்தது. 1982இல் உதிரி தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் டியோர் எக்ஸ்டி என்ற பெயரில் மலைச் சைக்கிளுக்கென்றே உதிரித் தொகுதி வெளியிட்டது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் என்று விளையாட்டு அங்கீகாரமும் வந்தது. ஆனாலும் தொழிற்சாலை எதைப் பெருக்கியது என்று பார்க்கவேண்டும். ஸ்டம்ப்ஜம்பரின் வடிவம் ரிச்சியின் ஃபிரேமிலிருந்து வந்தது. நேரான ஹேண்டில்பார், பருத்த 26 அங்குல டயர், பல கியர், நீண்ட பிரேக் பிடி என்ற கூட்டு ஏற்கெனவே தனியார் பட்டறைகளில் முடிவாகியிருந்தது. தொழிற்சாலைகள் அதன் விலையைக் குறைத்தன, எடையைக் குறைத்தன, லட்சக்கணக்கில் பெருக்கின. அது பெரிய பங்கு. தொடக்கம் என்ற பங்கு வேறு.

மூன்றாவது மறுப்பு சமூகம் சார்ந்தது. கொட்டகையும் கருவியும் ஓய்வுநேரமும் இருந்தவர்களின் கதையைப் பொதுக்கதையாக்குகிறோம் என்பது அது. இதை ஏற்கத்தான் வேண்டும். மரின் வளமான வட்டாரம். பந்தயக்காரர்களில் பலர் ஏற்கெனவே சாலைப் பந்தயச் சங்கத்தில் இருந்து, நல்ல உதிரிகளின் வாசனை அறிந்தவர்கள். பெண்கள் மிகக் குறைவு. அந்தக் காலத்தின் அரிய படங்களை எடுத்த வெண்டி கிராக் அந்தக் கூட்டத்தோடு ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர். கூலிக்குச் சைக்கிள் பழுதுபார்க்கிறவர் உலகெங்கும் இதே கைத்திறனோடு இருந்தார். ஆனால் சோதித்துப் பார்த்து வீணாக்க அவருக்கு உதிரியும் பொழுதும் இல்லை. ஆகவே, பழுதுபார்க்கும் திறமை தனியாக எதையும் பெற்றெடுத்துவிடாது. அதற்குத் தோற்றுப்பார்க்கும் வசதியும் வேண்டும். இந்தத் திருத்தத்தோடுதான் என் வாதம் நிற்கிறது.

பிற்காலத்தில் நடந்தது இந்த வாதத்துக்கு எதிர்ப்பக்கத்துச் சான்று. 1990ஐ ஒட்டி ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன்பக்க அதிர்வுதாங்கி வந்தது; பின்னர் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஃபிரேமுக்குள்ளேயே ஓடும் கேபிள்கள், கார்பன் ஃபிரேம், பேட்டரியில் மாறும் கியர். ஓட்டும் சுகமும் பாதுகாப்பும் கூடின என்பதில் ஐயமில்லை; கொதித்துப் புகையும் ஹப்புக்கு யாரும் திரும்பப்போவதில்லை. வீட்டு மெக்கானிக்கும் மறைந்துவிடவில்லை. அதிர்வுதாங்கியின் எண்ணெய் மாற்றுகிறார், பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றுகிறார், டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையடைக்கும் ரப்பர் பால் ஊற்றுகிறார், ஸ்போக்கை முறுக்கிக் கோட்டம் எடுக்கிறார். மாறிப்போனது உதிரிகளின் உறவு. சக்கர அளவு 26இலிருந்து 27.5, 29 என்று கிளைத்தது. பின் ஹப்பின் அகலம் 135, 142, 148, 157 மில்லிமீட்டர் என்று பெருகியது. மரை போட்டுத் திருகிய கிராங்க் பேரிங்குக்குப் பதில், அழுத்திச் செருகும் வகைகள் பல அளவுகளில் வந்தன. இருபது ஆண்டு பழைய நல்ல ஃபிரேமுக்கு இன்றைய நல்ல அதிர்வுதாங்கி பெரும்பாலும் பொருந்துவதில்லை. பொறியியல் காரணம் இல்லாமல் இவை வரவில்லை. அகலமான ஹப் சக்கரத்தை உறுதியாக்குகிறது, பெரிய சக்கரம் கல்மேட்டை எளிதாக ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு முன்னேற்றமும் கொட்டகையில் கிடக்கும் உதிரிகளில் ஒரு பகுதியைச் செல்லாக்காசாக்குகிறது. வணிக லாபமும் அதில் கலந்திருக்கிறது.

எல்லாம் ஒரே திசையில் போகவும் இல்லை. அழுத்திச் செருகும் பேரிங் கிரீச்சிட்டுத் தொல்லை தந்ததால், சில நிறுவனங்கள் மரைக்கே திரும்பின. கியரை ஃபிரேமில் மாட்டும் சிறு உலோகத்துண்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டிருந்த நிலையில், ஸ்ராம் நிறுவனம் 2019இல் யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரே வடிவத்தை முன்வைத்தது, பலரும் ஏற்றார்கள். பிறகு 2023இல் அதே நிறுவனம் அந்த வடிவத்துக்கு ஏற்ற ஃபிரேமில் மட்டுமே பொருந்தும் கியரை வெளியிட்டது. பொது அளவு என்பது கொடையாகவும் இருக்கலாம், கொக்கியாகவும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதனால் ஒரு புதிய அளவு வரும்போது வீட்டு மெக்கானிக் கேட்கவேண்டிய கேள்விகள் வண்டி எவ்வளவு வேகம் என்பதோடு முடிவதில்லை. அதைப் பிரிக்கும் கருவி சாதாரண விலையில் கிடைக்குமா, வேறு நிறுவனங்களும் அதற்கு உதிரி செய்ய அனுமதி உண்டா, பத்தாண்டு கழித்தும் மாற்று கிடைக்குமா என்பவையும் சேரவேண்டும். 1933இல் பரவிய ஒரு டயர் அளவு, தன்னை வெளியிட்டவர்கள் எதிர்பாராத ஒரு விளையாட்டுக்கு நாற்பது ஆண்டு கழித்து இடம் கொடுத்தது. அடுத்த புது வகை வண்டியும் ஏதோவொரு ஊரில், யாருடைய உத்தரவும் இல்லாமல், பழைய சாமான்களிலிருந்து எழும்ப வேண்டுமானால், ஒருவர் கழித்துப்போட்ட சக்கரம் இன்னொருவரின் ஃபிரேமில் பொருந்தியாக வேண்டும்.